‘நடந்தான்’ என்பதில் உள்ள ‘ந்’ யாருக்குச் சொந்தம்? பகுதி, விகுதி, உருபன், மாற்றுருபு பற்றிய ஐயங்கள்

கேள்வி – முதுகலை மாணவர்

அனைவருக்கும் வணக்கம். இளங்கலையில் தமிழ் இலக்கியம் படித்துவிட்டு, இப்போது முதுகலையில் மொழியியல் படிக்கிறேன். பள்ளியிலிருந்து கல்லூரி வரை ‘நடந்தான்’ என்ற சொல்லை நட + த்(ந்) + த் + ஆன் என்றே பிரித்து வந்திருக்கிறேன். ‘நட’ பகுதி, முதல் ‘த்’ சந்தி, அது ‘ந்’ ஆனது விகாரம், இரண்டாம் ‘த்’ இறந்தகால இடைநிலை, ‘ஆன்’ ஆண்பால் வினைமுற்று விகுதி. மொழியியல் வகுப்பிலோ இதே சொல்லை நட-ந்த்-ஆன் என்று மூன்றே துண்டாக வெட்டி, ‘ந்த்’ என்பதை இறந்தகால உருபனின் ஒரு வடிவம் என்கிறார்கள். இரண்டில் எது சரி என்பது என் முதல் ஐயம்.

இதையொட்டி வேறு சில ஐயங்களும் உள்ளன. பகுதி, வேர், அடி ஆகிய மூன்றும் ஒன்றைக் குறிக்கும் மூன்று பெயர்களா? விகுதி என்று நாம் சொல்வதும் உருபன் என்று அவர்கள் சொல்வதும் ஒன்றா? பொருள் தரும் மிகச் சிறிய கூறே உருபன் என்றால், பொருள் இல்லாதது என்று நாம் படித்த சாரியையை எங்கே வைப்பது? அறிந்தவர்கள் எடுத்துக்காட்டுடன் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி 1 – ஓய்வு பெற்ற தமிழாசிரியர்

பகுபத உறுப்புகள் ஆறு என்று நன்னூலின் பதவியல் கூறுகிறது: பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம். இந்த ஆறையும் ஒரே தன்மையுடையவை போல வரிசையாக ஒப்பிக்கச் சொல்லிப் பழக்கிவிட்டதே பாதிக் குழப்பத்துக்குக் காரணம் என்பது என் கருத்து. முதல் நான்கும் சொல்லுக்குள் தமக்கென இடம் பிடித்து நிற்பவை. சந்தி என்பது பகுதிக்கும் இடைநிலைக்கும் நடுவே பெரும்பாலும் தோன்றும் எழுத்து. விகாரமோ ஓர் உறுப்பாக நிற்பதே இல்லை. ஏற்கெனவே உள்ள உறுப்புக்கு நேரும் மாற்றம் அது. ‘வந்தனன்’ என்ற ஒரே சொல்லில் ஆறையும் காணலாம். ‘வா’ பகுதி, அது ‘வ’ எனக் குறுகியது விகாரம். ‘த்’ சந்தி, அது ‘ந்’ ஆனதும் விகாரம். அடுத்த ‘த்’ இறந்தகால இடைநிலை. முதல் ‘அன்’ சாரியை. இறுதி ‘அன்’ ஆண்பால் வினைமுற்று விகுதி.

இப்போது தங்கள் முதல் ஐயத்துக்கு வருகிறேன். இறந்தகால இடைநிலைகள் த், ட், ற், இன் ஆகிய நான்கே என்று நன்னூல் வரையறுக்கிறது. நான்கோடு நிறுத்திக்கொண்டதற்குப் பின்னால் ஒரு கணக்கு உண்டு. ‘படி’ என்ற வினையை முக்காலத்திலும் வைத்துப் பாருங்கள். படித்தான் என்பது படி + த் + த் + ஆன்; படிக்கிறான் என்பது படி + க் + கிறு + ஆன்; படிப்பான் என்பது படி + ப் + ப் + ஆன். எந்தக் காலமானாலும் இடைநிலையின் முதல் மெய்யே சந்தியாகவும் முன்னால் வந்து நிற்கிறது. ‘செய்’ என்ற வினையில் செய்தான், செய்கிறான், செய்வான் என்று மூன்று காலத்திலும் சந்தி இல்லை. ஆகவே, ‘படி’ போன்ற வினைகள் சந்தி பெறும், ‘செய்’ போன்றவை பெறா என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடலாம். மொழியியலார் ‘த்த்’, ‘க்கிற்’, ‘ப்ப்’ என்று மூன்று தனி வடிவங்களாக எழுதும்போது, அந்த மூன்றுக்கும் பொதுவாக உள்ள இரட்டிப்பு கண்ணில் படாமல் போகிறது. மரபு இதைப் பிரித்துக் காட்டியதில் நுட்பம் இருக்கிறது. அதைப் பழைய முறை என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

‘எழுத்துப்பேறு’ பற்றியும் ஒரு சொல். ‘பாடாதே’ என்பதைப் பாடு + ஆ + த் + ஏ என்று பிரித்து, ‘த்’ என்பதை எழுத்துப்பேறு என்று இன்றைய பாடநூல்கள் கூறுகின்றன. நூற்பாவில் உள்ள ஆறனுள் இது இல்லை. ஆறனுள் எதிலும் அடங்காமல் சாரியை நிற்கும் இடத்தில் வரும் ‘த்’துக்கு வைத்துக்கொண்ட பெயர்.

மறுமொழி 2 – மொழியியல் ஆய்வாளர்

மேலே ஐயா அவர்கள் சொன்ன இரட்டிப்பு வாதத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். மொழியியலில் எழுதுபவர்களிலும் பலர் வல்வினை (‘படிக்கிறான்’ போல இரட்டிப்பவை), மெல்வினை (‘செய்கிறான்’ போல இரட்டிக்காதவை) என்று வினைகளை வகுத்து, அந்தப் பொதுமையைக் காக்கவே முயல்கிறார்கள். இருப்பினும் ‘நடந்தான்’ விஷயத்தில் மரபுமுறை எங்கே இடறுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

அதற்கு முன் கலைச்சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். உருபன் என்பது நேரடியாகக் காதில் விழும் துண்டு அன்று. ‘இறந்தகாலம்’ என்ற இலக்கணப் பொருளைத் தமிழ் வினைச்சொற்கள் ஒரு குறிப்பிட்ட இடத்தில் காட்டுகின்றன. அந்தப் பொருளும் அதைத் தாங்கிவரும் வடிவங்களும் சேர்ந்த தொகுதிக்கே இறந்தகால உருபன் என்று பெயர். நாம் உண்மையில் கேட்பது அதன் மாற்றுருபுகளை: செய்-த்-ஆன், உண்-ட்-ஆன், தின்-ற்-ஆன், ஓட்-இன்-ஆன், நட-ந்த்-ஆன், படி-த்த்-ஆன். இவற்றை ஒரே உருபன் என்பதற்குக் காரணம், பொருள் ஒன்றாக இருப்பதும், ஒன்று வரும் வினையில் மற்றொன்று வராமல் இருப்பதுமே ஆகும். சில பாடநூல்கள் மாற்றுருபன் என்றும் எழுதுவதுண்டு. பொருளில் வேறுபாடு இல்லை.

இந்த மாற்றுருபுகளுக்குள்ளும் இரண்டு வகை உண்டு. ‘உண்டான்’ என்பதில் ‘ட்’ வருவதற்கு முன்னால் உள்ள ‘ண்’ காரணம். ‘தின்றான்’ என்பதில் ‘ற்’ வருவதற்கு ‘ன்’ காரணம். இவை அண்டை ஒலியால் நேரும் மாற்றங்கள். ஆனால் எந்த வினை ‘ந்த்’ ஏற்கும், எது ‘த்த்’ ஏற்கும் என்பதை ஒலியைக் கொண்டு சொல்ல முடியாது. இதற்கு ஐயா எடுத்துக்கொண்ட ‘படி’யே போதும். பாடம் படிக்கும் ‘படி’ படித்தான், படிக்கிறான், படிப்பான் என்று வரும். தூசி படியும் ‘படி’ படிந்தது, படிகிறது, படியும் என்று வரும். ஒலியளவில் இரண்டும் ஒன்றே. எந்த ‘படி’ எந்த வகை என்பதைப் பேசுபவர் மனத்தில் சொல்லோடு சேர்த்தே வைத்திருக்கிறார்.

இப்போது ‘படிந்தது’ என்பதை மரபுப்படி பிரித்துப் பாருங்கள்: படி + த்(ந்) + த் + அ + து. இந்த வினை நிகழ்காலத்தில் சந்தி பெறவில்லை, ‘படிகிறது’ என்றுதான் வருகிறது. இறந்தகாலத்தில் மட்டும் ஒரு சந்தி தோன்றுகிறது, அதுவும் உடனே ‘ந்’ ஆகத் திரிகிறது. ‘நட’ என்பதற்கோ நடக்கிறான், நடப்பான் என்று மற்ற இரண்டு காலத்திலும் சந்தி உண்டு. ஆகவே ‘நடந்தான்’ என்பதில் ‘த்’ சந்தி வந்து திரிந்தது என்று சொல்ல ஓரளவு ஆதாரம் இருக்கிறது. ‘படிந்தது’ என்பதில் அந்த ஆதாரம் இல்லை. ‘ந்த்’ என்பதை முழுமையாக ஒரு மாற்றுருபாகக் கொண்டால் இரண்டையும் ஒரே முறையில் விளக்கலாம் என்பதே எங்கள் வகுப்புகளில் நட-ந்த்-ஆன் என்று வெட்டுவதற்குக் காரணம்.

இதில் இன்னும் ஆழமான ஒன்று உண்டு. உடைந்தது – உடைத்தது, அழிந்தது – அழித்தது, சேர்ந்தது – சேர்த்தது என்ற இணைகளைக் கவனியுங்கள். கண்ணாடி தானாக உடைந்தது. யாரோ கண்ணாடியை உடைத்தார்கள். தமிழில் இத்தகைய இணைகள் ஏராளம். மரபுப்படி இவற்றைப் பிரித்தால் உடை + த்(ந்) + த் + அ + து, உடை + த் + த் + அ + து என்று வரும். பகுதி ஒன்று, இடைநிலை ஒன்று, சாரியை ஒன்று, விகுதி ஒன்று. இவ்வளவு பெரிய பொருள் வேறுபாடு, பொருளே இல்லாத சந்தி ஓரிடத்தில் திரிந்ததிலும் மற்றோரிடத்தில் திரியாததிலும் போய்த் தங்கிவிடுகிறது. இது எனக்கு நிறைவளிப்பதாக இல்லை. தன்வினை, பிறவினை என்ற வேறுபாட்டை ‘ந்த்’, ‘த்த்’ என்ற வடிவங்களும் சேர்ந்தே சுமக்கின்றன என்பதை எந்தப் பகுப்பாய்வும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

வேரும் அடியும் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேலும் பிரிக்க முடியாத மையப் பொருள் கூறு வேர். எந்த வடிவத்தோடு காலம், பால், வேற்றுமை போன்றவை வந்து சேர்கின்றனவோ அது அடி. ‘நடந்தான்’ என்பதில் ‘நட’ வேரும் அடியும் ஆகும். ‘நடத்தினான்’ என்பதில் வேர் ‘நட’. ‘இன்’ வந்து சேரும் அடி ‘நடத்து’. மரபில் ‘நடத்தினான்’ என்பதன் பகுதி ‘நடத்து’ என்றே எழுதுவோம். ஆகவே பகுதி என்பது பெரும்பாலும் அடிக்கு நெருக்கமானது; வேரோடு எல்லா இடத்திலும் பொருந்தாது.

மறுமொழி 3 – கேள்வி கேட்ட மாணவர்

இரு விளக்கங்களுக்கும் நன்றி. படிந்தது, படித்தது என்ற இணையை நான் இதுவரை இப்படிப் பார்த்ததே இல்லை. சாரியை பற்றிய ஐயம் மட்டும் நிற்கிறது. ‘மரத்தை’ என்பதில் ‘அத்து’ சாரியை, ‘ஐ’ இரண்டாம் வேற்றுமை உருபு என்று படித்தோம். ‘அத்து’ உருபனா, இல்லையா? மேலும், மரபிலக்கணத்தில் ஒரே துண்டு இரண்டு பொருளைச் சுமப்பதோ, எதுவுமே இல்லாத இடத்தில் ஒரு உறுப்பு இருப்பதாகக் கொள்வதோ உண்டா? மொழியியல் வகுப்பில் இவ்விரண்டையும் புதிய கருத்துகளாக அறிமுகப்படுத்தினார்கள்.

மறுமொழி 4 – ஓய்வு பெற்ற தமிழாசிரியர்

இரண்டும் மரபுக்குப் புதியவை அல்ல, தம்பி. ‘செய்யும்’ என்ற வினைமுற்றில் காலம் காட்டும் இடைநிலை எது என்று தேடினால் கிடைக்காது. அதில் ‘உம்’ விகுதியே காலத்தையும் சேர்த்துக் காட்டுகிறது. பழந்தமிழில் ‘செய்கு’ என்றால் ‘நான் செய்வேன்’ என்று பொருள்; அங்கே ‘கு’ என்ற ஒரே விகுதி தன்மை ஒருமையையும் எதிர்காலத்தையும் ஒருங்கே காட்டும். இப்படிக் காலம் காட்டும் விகுதிகளை நன்னூல் தனி நூற்பாவில் தொகுத்துத் தருகிறது. தன்மை ஒருமை ஈறுகளுள் இத்தகைய குற்றியலுகர ஈறுகளையும் சேர்த்துத் தொல்காப்பியம் வினையியலில் எண்ணுகிறது.

இல்லாத இடத்தில் உறுப்பைக் கொள்வதற்கும் எடுத்துக்காட்டு உண்டு. ‘உண்ணான்’ என்றால் உண்ணமாட்டான் என்று பொருள். உண், ஆன் என்ற இரண்டும் வெளியே தெரிகின்றன; எதிர்மறை எங்கிருந்து வந்தது? ‘ஆ’ என்ற எதிர்மறை இடைநிலை புணர்ந்து கெட்டது என்று மரபு சொல்லும். ‘நட’ என்று ஒருவனை ஏவும்போதும் ‘ஆய்’ விகுதி புணர்ந்து கெட்டது என்போம். ‘புணர்ந்து கெட்டது’ என்பது வெறும் சமாளிப்பு அன்று. உண்ணாது, உண்ணாத, உண்ணாமல் என்று மற்ற எதிர்மறை வடிவங்களில் ‘ஆ’ கண்கூடாக நிற்கிறது. அதை வைத்தே, நெடிலான ‘ஆன்’ முன் அது மறைந்தது என்று முடிவு செய்கிறார்கள்.

உடைந்தது, உடைத்தது பற்றி மேலே சொல்லப்பட்ட குறைக்கு என் மறுமொழி: மரபில் இவை ஒரே பகுதியின் இரு வடிவங்கள் அல்ல. தன்வினையாகிய ‘உடை’ ஒரு வினை, பிறவினையாகிய ‘உடை’ வேறொரு வினை. ஒலி ஒத்திருப்பதால் ஒன்றாகிவிடா. பாடம் படிப்பதும் தூசி படிவதும் வேறு வேறு வினைகள் என்று நண்பரே ஏற்கிறார் அல்லவா? அதே ஏற்பாட்டை இங்கும் செய்துகொண்டால் பொருள் வேறுபாடு பகுதியிலேயே அமைந்துவிடும், சந்தியின் தலையில் விழாது.

மறுமொழி 5 – மொழியியல் ஆய்வாளர்

‘உண்ணான்’ எடுத்துக்காட்டு மிகப் பொருத்தமானது. அதையே நாங்கள் சுழி உருபன் என்கிறோம்: உண்-∅-ஆன். வடிவம் இல்லை, பொருள் இருக்கிறது என்பதை ஓர் இடம் ஒதுக்கிக் காட்டும் முறை அது.

‘உடை’யை இரண்டு வினையாகக் கொள்வதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. பாடம் படிப்பதற்கும் தூசி படிவதற்கும் இன்று பொருள் தொடர்பு எதுவும் தெரிவதில்லை. உடைவதற்கும் உடைப்பதற்கும் தொடர்பு வெளிப்படையாக இருக்கிறது. அழி, சேர், விரி, கவிழ், வளர் என்று இதே முறையில் வினைகள் தொடர்ந்து வருகின்றன. ஒவ்வொன்றையும் தற்செயலாக ஒலி ஒத்த இரண்டு வினை என்று சொல்வது, கண்முன் நிற்கும் ஓர் ஒழுங்கை விதியாக எழுதாமல் விடுவதாகும். இதில் நாம் கருத்து வேறுபட்டே இருக்கலாம்.

சாரியைக்கு வருகிறேன். ‘மரத்தை, மரத்தில், மரத்தோடு’ என்ற எல்லா வடிவங்களிலும் உருபுக்கு முன் நிற்பது ‘மரத்து’. ஆகவே மொழியியலில் ‘மரத்து’ முழுவதையும் ‘மரம்’ என்பதன் வேற்றுமை அடி என்று கொண்டு, அதன்மேல் ‘ஐ’ வந்ததாகச் சொல்வது வழக்கம். ‘வீடு’ என்பதற்கு ‘வீட்டு’, ‘நான்’ என்பதற்கு ‘என்’ ஆகியவையும் அத்தகைய அடிகளே. இப்படிக் கொண்டால் ‘அத்து’ பொருளுடையதா என்ற கேள்விக்கே இடமில்லாமல் போகிறது. ஆனால் ‘மரத்துக் கிளை’ என்ற தொடரைப் பாருங்கள். வேற்றுமை உருபு எதுவும் இல்லை. மரத்துக்கும் கிளைக்கும் உள்ள உறவைக் காட்ட ‘மரத்து’ என்ற வடிவமே போதுமானதாக இருக்கிறது. மரபில் இதனை ஆறாம் வேற்றுமை உருபு தொக்கு நிற்கச் சாரியை எஞ்சியது என்பார்கள். எப்படிச் சொன்னாலும், ‘அத்து’ முற்றிலும் வெறுமையான துண்டு அன்று என்பதை இந்தத் தொடர் காட்டுகிறது.

மறுமொழி 6 – மென்பொருள் துறையில் சொற்பகுப்பிச் செயலி எழுதுபவர்

இந்த உரையாடலில் இன்னும் வராத ஒரு வேறுபாட்டைச் சேர்க்க விரும்புகிறேன். ‘சொல்’ என்பதை நாம் இரண்டு பொருளில் பயன்படுத்துகிறோம். படித்தான், படிக்கிறாள், படித்து, படிக்க ஆகியவை நான்கு சொல்வடிவங்கள். ஆனால் அகராதியில் இவை எல்லாவற்றுக்கும் ‘படி’ என்ற ஒரே தலைச்சொல்தான் இருக்கும். எழுத்துப்பிழை திருத்தும் செயலியை எழுதுபவருக்கு இந்த வேறுபாடே அடிப்படை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் வினையை ‘படி-த்தல்’, ‘படி-தல்’ என்று தொழிற்பெயர் ஈற்றோடு தருவதால் மேலே பேசிய இரண்டு ‘படி’யும் அங்கேயே பிரிந்துவிடுகின்றன. ஆனால் ‘நட-த்தல்’ என்பதை மட்டும் பார்த்தால், இறந்தகாலம் ‘நடத்தான்’ என்று வராமல் ‘நடந்தான்’ என்று வரும் என்பது தெரியாது. அதனால்தான் அவ்வகராதி ஒவ்வொரு வினைக்கும் அது எந்த வகையில் வடிவம் மாறும் என்பதைக் காட்டும் விகற்ப எண் ஒன்றையும் சேர்த்துத் தருகிறது. செயலி எழுதும்போது நானும் இப்படித்தான் வினைகளை வகைப்படுத்தினேன். சந்தியா மாற்றுருபா என்ற விவாதத்தில் கணினிக்கு அக்கறை இல்லை, வகை எண் மட்டும் தவறாமல் இருக்க வேண்டும்.

உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ‘உடைந்தது’ என்ற ஒரே வடிவம், ‘கண்ணாடி உடைந்தது’ என்ற தொடரில் வினைமுற்றாக, பயனிலையாக நிற்கிறது. ‘உடைந்தது எங்கே?’ என்ற தொடரில் அதுவே வினையாலணையும் பெயராக, எழுவாயாக நிற்கிறது. ‘உடைந்ததை எடுத்து வை’ என்றால் ‘ஐ’ உருபு வந்து காட்டிக்கொடுத்துவிடும். உருபு இல்லாதபோது சொல்லை எவ்வளவு நுட்பமாக வெட்டினாலும் விடை கிடைக்காது. தொடரின் அமைப்பைப் பார்த்த பிறகே சொல்லின் உறுப்புக்குப் பெயர் வைக்க முடிகிறது. இடைச்சொற்களும் அப்படித்தான். ‘உம்’ என்பது ‘அவனையும்’ என்று பெயருக்கு உருபு வந்த பிறகும் சேரும், ‘படித்தும்’ என்று எச்சத்தோடும் சேரும், ‘நேற்றும்’ என்றும் வரும். இதனை விகுதிகளின் பட்டியலில் சேர்த்தால் பகுப்பி தடுமாறும். தனி அடுக்காக, எல்லாவற்றுக்கும் கடைசியில் வைக்க வேண்டும்.

மறுமொழி 7 – கேள்வி கேட்ட மாணவர்

நான் ஒரு சொல்லைப் பிரித்துப் பார்க்கிறேன், திருத்தவும். ‘நடத்துநர்களுக்கும்’: ‘நட’ வேர், ‘த்து’ பிறவினையாக்கும் ஒட்டு, ‘நர்’ பெயராக்கும் விகுதி, ‘கள்’ பன்மை, ‘உ’ சாரியை, ‘கு’ நான்காம் வேற்றுமை உருபு, ‘உம்’ இடைச்சொல்.

மறுமொழி 8 – மொழியியல் ஆய்வாளர்

ஏறத்தாழச் சரியாகச் செய்திருக்கிறீர்கள். ‘நட, நடத்து, நடத்துநர்’ வரை நடந்தது புதுச்சொல் ஆக்கம், அகராதியில் தனித் தலைச்சொல் பெறத் தக்கது. ‘கள்’ முதல் நடந்தது அந்தச் சொல் தொடருக்கேற்ப வடிவம் மாறியது. இந்தக் கோட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓரிடத்தில் மட்டும் இரண்டு முறைகளும் கலந்துவிட்டன. மற்ற உறுப்புகளை உருபன் முறையில் பிரித்துவிட்டு, ‘உ’ என்பதை மட்டும் சாரியை என்று எழுதியிருக்கிறீர்கள். மரபுமுறையில் எழுதுவதானால் ‘உ’ சாரியை, அதன்பின் தோன்றிய ‘க்’ சந்தி, ‘கு’ உருபு என்று முழுவதும் எழுதுங்கள். உருபன் முறையானால், நான்காம் வேற்றுமைக்கு ‘பூனைக்கு’ என்பதில் ‘க்கு’, ‘அவர்களுக்கு’ என்பதில் ‘உக்கு’, ‘எனக்கு’ என்பதில் ‘அக்கு’ என்று மாற்றுருபுகள் உண்டு. உங்கள் சொல்லில் இருப்பது ‘உக்கு’. அதன் ஈற்று உகரம் ‘உம்’ வரும்போது கெடுகிறது. ஆகவே விடை: நட-த்து-நர்-கள்-உக்க்-உம்.